முள் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

பாசி மேயும் பவளப்பாறை மீன் ஒன்றைப் படமெடுத்து அனுப்பி "இது என்ன மீன்?" என்று கேட்பவர்கள் நிறத்தைத்தான் முதலில் சொல்வார்கள். உடம்பு மஞ்சள், முகத்தில் கறுப்புப் பட்டை, வாலுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு புள்ளி. நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: வாலடி தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் இருக்கிறதா? வால் துடுப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால் உடம்பு ஒடுங்குகிறதே, அந்த இடம்.

பார்த்து ரசிக்க மட்டும் என்றால் நிறம் போதும். தொட்டியை மாற்ற வேண்டும், வலையிலிருந்து எடுக்க வேண்டும், தூண்டிலிலிருந்து கழற்ற வேண்டும் என்று வந்துவிட்டால் பெயர் அப்புறம். ஆயுதம் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பாசி மேயும் கூட்டத்தில் அடிக்கடி கைக்கு வருகிற இரண்டு குடும்பங்கள் சர்ஜன் மீன்களும் ஓராக்களும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் முன்னதை டாங் என்பார்கள், பின்னதை ரேபிட் ஃபிஷ் என்பார்கள். இரண்டும் தட்டையான முட்டை வடிவ உடம்பு, சின்ன வாய், நாளெல்லாம் பாறையைக் கொறிக்கிற வேலை. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் உறவுக்காரர்கள் போலவே இருக்கும். ஆனால் ஒன்றின் ஆயுதம் வாலடியில் இருக்கிறது. மற்றதற்கு வாலடியைத் தவிர மேலும் கீழும் எல்லா இடத்திலும் இருக்கிறது.

சர்ஜன் மீனிலிருந்து தொடங்குகிறேன், அதைக் கண்டுபிடிப்பது எளிது என்பதால். இந்தக் குடும்பத்தில் 80-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு வாலடியின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக ஒரு கத்தி. சும்மா இருக்கும்போது அது தனக்கென உள்ள பள்ளத்தில் மடங்கிக் கிடக்கும். ஒரு கோடு மாதிரிதான் தெரியும். கீல் பின்பக்கம், கூர்முனை தலையைப் பார்த்து. மீன் வாலை ஒரு பக்கமாக வளைத்தால் கத்தி வெளியே நீட்டிக்கொள்ளும். எதிரியின் பக்கவாட்டில் வந்து வாலை ஒரு வீசு வீசினால் போதும். மஞ்சள் டாங்கைப் பாருங்கள், உடம்பெல்லாம் மஞ்சளாக இருக்க, அந்த ஒரு இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு கீறல் தெரியும். அது கத்தி. செங்கடலில் வாழும் சோஹால் டாங்குக்கு அதே இடத்தில் ஆரஞ்சு நிறம். மறைக்க வேண்டிய ஆயுதத்துக்கு ஏன் இத்தனை பளிச்சென்ற சாயம் என்றால், அது எச்சரிக்கை என்பதால்தான். நமக்கும் அது உதவிதான்.

இதே குடும்பத்தில் நாசோ என்கிற பிரிவு இருக்கிறது. நெற்றியில் கொம்பு நீட்டிய யுனிகார்ன் மீன்கள் இதில்தான் வருகின்றன. இவற்றின் கத்தி மடங்காது. எலும்புத் தகடாக, பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டாக, எந்நேரமும் துருத்திக்கொண்டே இருக்கும். கொம்பைப் பார்த்துப் பயப்படுபவர்கள் அந்தத் தகடுகளைக் கவனிப்பதில்லை. கொம்பு ஒன்றும் செய்யாது.

ஓராவுக்கு வாலடி வழவழவென்று சுத்தமாக இருக்கும். கத்தியும் இல்லை, தகடும் இல்லை. சர்ஜன் இல்லை என்று அப்போதே தெரிந்துவிடும். அடுத்து முதுகைப் பாருங்கள். முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் 13 முட்கள். சர்ஜன் மீன்களுக்கு அங்கே பொதுவாக 4 முதல் 9 வரைதான். பிறகு வயிற்றுக்கடியில், மலவாய்க்குப் பின்னால் வாலை நோக்கி ஓடுகிற துடுப்பு: ஓராவுக்கு அதில் 7 முட்கள், சர்ஜனுக்கு 2 அல்லது 3. கடைசியாக நெஞ்சுக்குக் கீழே இருக்கிற ஜோடித் துடுப்புகள். பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் துடுப்பின் வெளி ஓரத்தில் மட்டும் ஒரு முள் இருக்கும். ஓராவுக்கு வெளி ஓரத்தில் ஒன்று, உள் ஓரத்தில் ஒன்று, நடுவே மென்மையான 3 கதிர்கள். மீன் உலகத்தில் இந்த அமைப்பு ஓரா குடும்பத்துக்கே உரியது. சுமார் 30 இனங்கள் இருந்தும் முள் கணக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறுவதில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

கூட்டிப் பார்த்தால் 13, 7, இரண்டு பக்கமும் சேர்த்து 4. மொத்தம் 24. இத்தனையிலும் நஞ்சு உண்டு. முதுகுத் துடுப்புக்கு முன்னால் தோலுக்குள் பதிந்து, முனை மட்டும் முன்னோக்கி எட்டிப் பார்க்கிற ஒரு குட்டி முள்ளும் இருக்கிறது. அடையாளத்துக்கு அதுவும் நல்லதுதான், ஆனால் விரலால் தேடிப் பார்க்க வேண்டாம்.

முள்ளின் அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும், கையாளும் முறை எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு முள்ளின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒரு காடி ஓடுகிறது. அந்தக் காடியில் நஞ்சுத் திசு படுத்திருக்கிறது. மேலே மெல்லிய தோல் உறை. முள் சதைக்குள் இறங்கும்போது உறை கிழிந்து பின்னுக்குச் சுருண்டு, திசு நசுங்கி, நஞ்சு காயத்துக்குள் கசிகிறது. பாம்பு மாதிரி பீய்ச்சுவதற்கு இங்கே தசையும் கிடையாது, பையும் கிடையாது. எவ்வளவு ஆழமாக அழுத்துகிறோமோ அவ்வளவு நஞ்சு. அதாவது ஓரா நம்மைக் குத்துவதைவிட நாம் ஓராவின் மேல் குத்திக்கொள்வதுதான் அதிகம். செத்த மீனும் இதே வேலையைச் செய்யும் என்பதும் இதனால்தான்.

நிறத்தை ஏன் கடைசியில் வைக்கச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். தொட்டிக்காரர்களின் செல்லமான ஃபாக்ஸ்ஃபேஸ் ஓராவையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் உடம்பு, கறுப்பு வெள்ளை முகம், நீண்ட மூஞ்சி. இதை யாரும் வேறு மீன் என்று நினைக்க வாய்ப்பில்லை, அது பயப்படாத வரைக்கும். பயந்தால் சில நொடிகளில் உடம்பு முழுக்க அழுக்குப் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகிவிடும். இரவில் தூங்கும்போதும் அதே கோலம். விளக்கை அணைத்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்து, மீன் செத்துவிட்டது, நோய் வந்துவிட்டது என்று பதறுபவர்கள் நிறையப் பேர். பதறிக் கையை விடும்போதுதான் குத்து வாங்குகிறார்கள்.

இதே ஃபாக்ஸ்ஃபேஸின் பக்கவாட்டில் ஒரு பெரிய கறுப்புப் புள்ளி இருந்தால் அது வேறு இனம் என்று புத்தகங்களில் இருக்கும். இரண்டும் ஒரே இனமாகத்தான் இருக்க வேண்டும் என்று மரபணுவை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். சர்ஜன் பக்கம் கதை இன்னும் மோசம். அட்லாண்டிக்கில் வாழும் நீல டாங் குட்டியாக இருக்கும்போது பளிச் மஞ்சள், வளர்ந்தபின்தான் நீலம். சாக்லேட் சர்ஜன் என்கிற மீனின் குஞ்சு, குள்ள ஏஞ்சல் மீன் ஒன்றின் நிறத்தையும் வடிவத்தையும் அப்படியே பூண்டுகொண்டு திரியும். ஏஞ்சல் மீன்தானே என்று நினைத்து வாலடியில் விரல் வைத்தால் கத்தி. உண்மையான ஏஞ்சல் மீனுக்கு முள் செவுள் மூடியின் அடியில், கன்னத்தில் இருக்கும். வலையில் முதலில் மாட்டிக்கொள்வது அதுதான்.

ஆக வாலடி, முதுகு, அடிவயிறு, கன்னம். இந்த நான்கையும் பார்த்து முடித்த பிறகு நிறத்தைப் பார்த்து இனத்தைப் பிரித்துக்கொள்ளலாம். நேரம் இருந்தால்.

நடத்தையும் நல்ல அடையாளம், எனக்குப் பிடித்ததும் அதுதான். கடலுக்கடியில் ஓராக்களை ஜோடியாகப் பார்த்தால் அவசரப்படாமல் சற்று நேரம் அசையாமல் இருந்து பாருங்கள். ஒன்று தலைகீழாக, பாறை இடுக்குக்குள் மூஞ்சியைத் திணித்துப் பாசியைக் கொறித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று சற்று மேலே, தலையை உயர்த்தி, மார்புத் துடுப்புகளை மட்டும் அசைத்துக்கொண்டு ஒன்றும் தின்னாமல் நிற்கும். கொஞ்ச நேரத்தில் கீழே இருந்தது மேலே வரும், மேலே இருந்தது கீழே போகும். காவல் முறை மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளப்பாறைத் தொடரான கிரேட் பேரியர் ரீஃபில் இதைக் கவனித்து அளந்து சைமன் பிராண்டல், டேவிட் பெல்வுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டார்கள். எனக்காக நீ பார், உனக்காக நான் பார்க்கிறேன் என்கிற முறை மீன்களிடம் இருக்கிறது என்பது அந்த ஆய்வின் சாரம். இடுக்குக்குள் தலையை விட்டு மேய்கிற மீனுக்கு முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது அல்லவா? சர்ஜன்கள் இந்த வேலைக்கு வருவதில்லை. அவை திறந்த பாறையின் மேற்பரப்பைக் கூட்டமாகவோ தனியாகவோ சுரண்டிக்கொண்டே நகர்ந்துவிடும்.

மிரட்டப்பட்டால் இரண்டும் செய்வதும் வேறு. ஓரா எதிர்த்து வராது. மூலையில் மாட்டினால் தலையைத் தாழ்த்தி, முதுகை நம் பக்கம் சாய்த்து, முட்களை விறைத்துக்கொண்டு நிற்கும். அந்தச் சாய்வைப் பார்த்துவிட்டால் கையை எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் அது எச்சரிக்கை செய்யப்போவதில்லை. சர்ஜன் மீன் அப்படியில்லை, தானாகவே வரும். கண்ணாடியைத் துடைக்கக் கையை விட்டால் பக்கவாட்டில் வந்து வாலை வீசிவிட்டுப் போகும் சோஹால்கள் உண்டு. வெட்டு சுத்தமாக, ஆழமாக இருக்கும். நஞ்சு கலந்த கத்தியுள்ள சர்ஜன் இனங்களும் இருக்கின்றன. நீலமும் மஞ்சளுமாக நீளக் கோடுகள் ஓடும் கோட்டுச் சர்ஜன் அதில் பேர்போனது.

சரி, பிடிப்பது எப்படி? பிடிக்காமல் இருப்பதுதான் என் முறை. தொட்டியிலிருந்து மாற்ற வேண்டுமென்றால் மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் மாற்றுவேன். ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் தண்ணீருக்குள் சாய்த்து வைத்து, உள்ளே ஒரு துண்டு நோரிப் பாசியைக் கிளிப்பில் மாட்டிவிட்டு, டப்பாவை அப்படியே சில நாள் விட்டுவிடுவது. பாசி தின்னிக்குப் பாசிதான் பலவீனம். டப்பா மீனுக்குப் பழகிப்போய், உள்ளே போய்த் தின்னத் தொடங்கிய பிறகு ஒருநாள் நிதானமாக வாயை மேலே நிமிர்த்தி, தண்ணீரோடு தூக்கிவிடலாம். மீனும் மிரளாது, முள்ளும் விரியாது. அவசரம் என்றால் விளக்கைக் குறைத்துவிட்டு, வலையை விரட்டும் தடுப்பாக மட்டும் வைத்து, டப்பாவுக்குள் ஒதுக்கலாம். வலையாலேயே அள்ளுவதுதான் வேண்டாம் என்கிறேன்.

வலை ஏன் வேண்டாம் என்றால், ஓராவின் விரிந்த முட்கள் கண்ணிக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும், சர்ஜனின் கத்தியும் அப்படியே. சிக்கிய மீன் துள்ளும், துள்ளத் துள்ள இன்னும் இறுகும். அப்போது நம் கை தானாகவே கண்ணியை விடுவிக்கப் போகும். விபத்து நடக்கிற இடம் அநேகமாக அதுதான். ஏற்கெனவே சிக்கிவிட்டதென்றால் வலையோடு ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கி, வலையை உள்பக்கம் வெளியே திருப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். பல நேரம் முட்கள் தளர்ந்து தானாகக் கழன்றுவிடும். கழலாவிட்டால் கத்தரிக்கோலை எடுத்து வலையை வெட்டுங்கள். பின்னால் இழுத்து உருவக் கூடாது. முள் பின்னோக்கித்தான் சாய்ந்திருக்கிறது, பின்னால் இழுத்தால் கண்ணி அதை நிமிர்த்தும்.

பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோகிறவர்கள் இரண்டு பைகளாகப் போட்டு நடுவில் செய்தித்தாள் வைத்துக்கொள்வது நல்லது. முள் ஒரு பையை மிகச் சுலபமாகத் துளைத்துவிடும். மூடியுள்ள வாளி இன்னும் நல்லது.

கையுறையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். மெல்லிய ரப்பர் உறை பழைய கீறல் வழியாகத் தொட்டிக் கிருமி ஏறாமல் தடுக்கும், முள்ளைத் தடுக்காது. தடித்த உறை முள்ளை ஓரளவு தடுக்கும், ஆனால் விரலின் உணர்வு போய்விடுவதால் மீனைத் தேவைக்கு மேல் அழுத்திப் பிடிப்போம். மேலே சொன்னேனே, அழுத்தம்தான் நஞ்சு. எனக்குத் தெரிந்து கையுறை தருகிற தைரியம்தான் அதன் பெரிய ஆபத்து.

என் நண்பர் ஒருவருக்கு நடந்தது இது. இரவு விளக்கணைத்த பிறகு, பாறைக்குப் பின்னால் விழுந்துவிட்ட பவளத் துண்டை எடுக்கக் கைவிட்டிருக்கிறார். ஃபாக்ஸ்ஃபேஸ் அங்கேதான் ஒடுங்கித் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நடுவிரலின் நுனியில் ஒரு குத்து. "கண்ணாடித் துண்டு ஏறிடுச்சுன்னுதான் நெனச்சேன்" என்றார் தொலைபேசியில். பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் மாறியது. விரலிலிருந்து உள்ளங்கைக்கு, அங்கிருந்து முழங்கைக்கு எரிச்சல் ஏறுகிறது என்றார். குத்திய இடத்தைச் சுற்றி வெளிறி, அதற்கு வெளியே வட்டமாகச் சிவந்து வீங்கிக்கொண்டிருந்தது.

"ஐஸ் வைக்கட்டுமா?"

"வேண்டாங்க. தண்ணி சுட வையுங்க. மோதிரத்தைக் கழட்டுங்க முதல்ல."

வெந்நீர்தான் இதற்கு முதல் மருந்து. ஓராவின் நஞ்சு புரதம், சூட்டில் சிதைவது. தாங்கக்கூடிய சூடு, 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது, 30 முதல் 90 நிமிடம் வரை. சூட்டைக் குத்துப்படாத கையால் பார்க்க வேண்டும். குத்துப்பட்ட கைக்கு வலியில் சூடு சரியாகத் தெரியாது, கை வெந்துபோனவர்கள் உண்டு. நண்பர் கையை முக்கியவுடன் வலி இறங்கியது, எடுத்தவுடன் திரும்ப ஏறியது, மறுபடி முக்கினார். நீர் ஆறும்போது கையை வெளியே எடுத்துவிட்டுத்தான் சூடான நீரைச் சேர்க்க வேண்டும் என்பதையும் அன்றைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வெளியே தெரிகிற முள் துண்டு இருந்தால் இடுக்கியால் எடுத்துவிட்டு, சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு கழுவலாம். ஆழத்தில் இருப்பதைத் தோண்டக் கூடாது. கட்டுப் போட்டு இறுக்குவது, கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். ஓரா குத்தி ஆரோக்கியமான ஒருவர் உயிருக்கே ஆபத்தாவது மிக அரிது, ஆனால் ஒவ்வாமை உள்ளவருக்குக் கதை வேறு. மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், தலைசுற்றல் என்றால் வெந்நீரோடு நேரம் கடத்தாமல் உடனே மருத்துவமனை. மற்றவர்களும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது: டெட்டனஸ் ஊசி காலாவதியாகியிருக்கலாம், முறிந்த முள் உள்ளே இருக்கலாம், மூட்டுக்குப் பக்கத்தில் என்றால் எக்ஸ்ரே தேவைப்படலாம். வாரக்கணக்கில் ஆறாமல் கட்டியாகப் புடைக்கிற காயம் என்றால், மீன்தொட்டி வைத்திருக்கிறேன் என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்றொரு கிருமி மீன்தொட்டிக் கைகளில் இப்படித்தான் மெதுவாக வளரும். தொட்டி என்ற சொல் காதில் விழாவிட்டால் அதை யாரும் சந்தேகிக்கக்கூட மாட்டார்கள்.

தூண்டிலில் மாட்டிய ஓரா தொட்டி மீனைவிடத் தொல்லை, ஏனென்றால் அது துள்ளிக்கொண்டிருக்கிறது, நாமும் படகில் ஆடிக்கொண்டிருக்கிறோம். முதுகை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கீழிருந்து ஏந்துபவர்கள் அடிவயிற்று முட்களில் மாட்டுகிறார்கள். வாலில் ஆயுதம் இல்லையே என்று வாலைப் பிடித்துத் தூக்கினாலும் உடம்பு சுழன்று முதுகு கைக்கு வரும். விட்டுவிடப்போகிற மீன் என்றால் தண்ணீர் மட்டத்திலேயே, நீண்ட மூக்குக் குறடால் கொக்கியைத் திருகிக் கழற்றிவிடுவது மேல். வைத்துக்கொள்ளப்போகிற மீன் என்றால் தடித்த ஈரத் துணியைத் தலையிலிருந்து வால் நோக்கி வருடினாற்போல் போர்த்தி, முட்களை மடங்கவைத்து, பலகையில் அழுத்திக்கொண்டு, மேலும் கீழும் முட்களை அடியோடு கத்தரித்துவிட்டுத்தான் மற்ற வேலை. சர்ஜனுக்கு இதே வேலை வாலடியில். வெட்டிய முட்களைக் குப்பைப் பையில் போடாமல் ஏதாவது ஒரு கெட்டியான டப்பாவில் போட்டு மூடுங்கள். பனிக்கட்டியில் கிடந்த மீனின் முள்ளிலும் நஞ்சு அப்படியே இருக்கும். குளிர் அதைக் கெடுப்பதில்லை.

பாசி மேய்வது என்றால் சாதுவான வேலை என்று தோன்றும். சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்த பிறகு செங்கடல் ஓராக்களில் இரண்டு இனங்கள் மத்தியதரைக் கடலுக்குள் போய்ச் சேர்ந்தன. ஒன்று 1920-களில், மற்றது 1950-களில் அங்கே கண்ணில் பட்டது. இன்றைக்கு அதன் கிழக்குக் கரையோரங்களில் பாசிக் காடாக இருந்த பாறைகள் மைல் கணக்கில் மொட்டையாகக் கிடக்கின்றன. அத்தனை பசி இந்தச் சின்ன வாய்க்கு. தொட்டியில் பசியோடு விட்டால் பவளத்தையும் கொறித்துப் பார்க்கும் என்பதில் என்ன ஆச்சரியம்?

சமைத்தபின் முள் நஞ்சைப் பற்றிப் பயம் வேண்டாம், சூடு அதை முடித்துவிடுகிறது. சூட்டுக்கு மசியாத வேறொரு நஞ்சு இருக்கிறது, அது முள்ளில் அல்ல, சதையில். பாசிக்கூட்டத்தோடு ஒட்டி வாழும் கேம்பியர்டிஸ்கஸ் என்ற நுண்ணுயிர் உண்டாக்குவது. மேயும் மீன் பாசியோடு அதையும் தின்கிறது, மேய்ந்ததைத் தின்னும் பெரிய மீனில் அது இன்னும் சேர்கிறது. சிகுவட்டேரா என்று பெயர். வெப்பமண்டலப் பவளப்பாறைப் பகுதிகளில் இது தெரிந்த விஷயம். பாறையைச் சீப்புப் போன்ற பற்களால் வாரித் தின்கிற கோட்டு பிரிசில்டூத் சர்ஜன் இதற்குப் பேர்போனது. வேகவைத்தாலும் பொரித்தாலும் உறையவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. மீனின் மணத்திலும் சுவையிலும் ஒன்றும் தெரியாது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, உதடும் விரலும் மரத்துப்போவது, குளிர்ந்ததைத் தொட்டால் சுடுகிற மாதிரி எரிவது என்று தொடங்கினால் மருத்துவரிடம் போங்கள். என்ன மீன், எந்தப் பாறைப் பக்கம் பிடித்தது, எப்போது தின்றது என்று மூன்றையும் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் உறைபெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள், பரிசோதனைக்குக் கேட்கலாம்.